எடைக்கல்லைச் சோதிப்பவர் யார்?

(பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நான் மேடையேறுமுன் ஒரு தோழர் என்னைத் தனியே அழைத்துச் சென்று தம் மனக்குறை ஒன்றைக் கூறினார். "நமது பொதுக்கூட்டக் காட்சியை இணையத்தில் ஏற்றினோம், நானூறு பேர்கூடப் பார்க்கவில்லை. மாற்றார் ஏற்றிய அவதூறோ மறுநாளே ஊரெங்கும் பரவிவிட்டது. நம்மைத் திட்டமிட்டு அமுக்குகிறார்கள், ஐயா!" என்றார். முகத்திலே கோபம், குரலிலே வேதனை. அவர் கூற்று உண்மையாகவே இருக்கலாம். எனினும் நான் அவரைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சான்று எங்கே?"

தமது கைபேசியை எடுத்து நீட்டினார். "இதோ பாருங்கள், என் திரையில் வருவதெல்லாம் அவர்கள் பேச்சுத்தான்!" என்றார்.

தோழர்களே! அந்தத் திரை சான்றாகுமா? ஆகாது என்றால், எது சான்றாகும்? இதுவே இன்று நான் உங்களிடம் பேச வந்த பொருள். ஞாயிறன்று இதனை ஏட்டிலே படிக்கும் தோழர்களுக்கும் இதே கேள்விதான்.

சந்தையிலே சரக்கு வாங்குகிறோம். கடைக்காரர் நிறுத்துக் கொடுத்ததில் எடை குறைகிறதோ என்று ஐயம் எழுகிறது. "ஏமாற்றுகிறான்!" என்று தெருவிலே நின்று கூவினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும், வழக்கு நிற்காது. அதே சரக்கை முத்திரையிட்ட எடைக்கல்லால் மறுபடி நிறுத்துக் காட்டினால், கடைக்காரர் வாய் திறக்க முடியுமா? எடைக்கல்லில் அரசு முத்திரை வேண்டும் என்பது சட்டம். அதைச் சோதிக்க வரும் ஆய்வாளர் கடைக்காரரின் அனுமதிக்காக வாசலில் காத்து நிற்பதில்லை. உப்புக்கும் புளிக்கும் உள்ள இந்தப் பாதுகாப்பு, கோடிக்கணக்கான மக்களுக்குச் செய்தியை நிறுத்துக் கொடுக்கும் தராசுக்கு இருக்கிறதா?

நமது படிப்பகங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு மேசை, அதன்மேல் நாலைந்து நாளேடுகள், எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பேர் சூழ அமர்ந்து கேட்பார்கள். ஏட்டிலே பொய் இருந்தது; புரட்டு இருந்தது; நம் செய்தியை மூலையிலே போட்டு மறைக்கும் சூழ்ச்சியும் இருந்தது. ஆனால் அந்த ஏடு அனைவர் கண்ணுக்கும் ஒன்றாகவே இருந்தது. "பார், முதல் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறான்!" என்று ஒருவர் சுட்டிக் காட்டினால், அடுத்த ஊர்த் தோழரும் அதே பக்கத்தைக் காண முடிந்தது. எண்ண முடிந்தது, அளக்க முடிந்தது.

அப்படி அளந்து காட்டியவர்கள் உண்டு. 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வால்ட்டர் லிப்மன், சார்லஸ் மெர்ஸ் என்ற இரு எழுத்தாளர்கள், நியூயார்க் டைம்ஸ் ஏட்டை எடுத்துக்கொண்டார்கள். ரஷ்யப் புரட்சி குறித்து அவ்வேடு மூன்றாண்டுகளில் வெளியிட்ட செய்திகளை, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை, ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். போல்ஷ்விக் ஆட்சி வீழப்போகிறது அல்லது வீழ்ந்துவிட்டது என்று அவ்வேடு 91 முறை எழுதியிருந்தது! வீழ்ந்ததா? இல்லை. வசை எதுவும் தேவைப்படவில்லை, தோழர்களே! 91 என்ற எண்ணிக்கையே தீர்ப்பாக அமைந்தது.

1949ஆம் ஆண்டு பிப்ரவரியில் டேவிட் மானிங் ஒயிட் என்ற ஆய்வாளர் இன்னொரு வழி கண்டார். அமெரிக்க நகர ஏடொன்றில் தந்திச் செய்திகளைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியரை அணுகி, "ஒரு வாரம், நீங்கள் தள்ளிவிடும் ஒவ்வொரு செய்தியின் மீதும் ஏன் தள்ளினீர் என்று எழுதி வையுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். வந்த செய்தியில் பத்தில் ஒன்பது பங்கு குப்பைக்குச் சென்றது. காரணங்களைப் படித்தால், இடமில்லை என்பதோடு, அவருடைய விருப்பும் வெறுப்பும் வெளிப்பட்டன. 1950இல் வெளிவந்த அந்த ஆய்வு, வாயிற்காவலரின் மனத்தையே திறந்து காட்டியது.

இன்று வாயிலிலே மனிதர் இல்லை. கணிப்பொறி நிற்கிறது. நண்பர்களும் நிறுவனங்களும் ஏற்றிய ஆயிரம் பதிவுகளில் எது முதலில், எது கடைசியில், எது கண்ணுக்கே தெரியாமல், என்று முடிவு செய்யும் கட்டளைத் தொகுதியை அல்காரிதம் என்கிறார்கள். நமது வசதிக்காகத் தேர்வு நெறி என்று கூறிக்கொள்வோம். நீங்கள் எதை நெடுநேரம் பார்த்தீர்கள், எதைப் பகிர்ந்தீர்கள், எங்கு இருக்கிறீர்கள் என்பவற்றையெல்லாம் கணக்கிட்டு, உங்களுக்கென ஒரு பக்கத்தை அது நொடியில் தொடுத்துத் தருகிறது. அண்ணனுக்கு ஒரு பக்கம், தம்பிக்கு வேறொரு பக்கம். காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று. படிப்பகத்து மேசையில் கிடந்த அந்தப் பொதுவான ஏடு மறைந்தே போயிற்று!

ஆகவேதான், தோழர் நீட்டிய திரை சான்றாகாது என்றேன். அது அவருடைய பழக்கத்தை வைத்து அவருக்கென்று தொடுக்கப்பட்ட மாலை. மாற்றாரின் பேச்சைக் கண்டு கொதித்து, அதையே திரும்பத் திரும்பப் பார்த்தவரும் அவராகவே இருக்கலாம். அதுமட்டுமன்று, வந்ததைத்தான் திரை காட்டும், வராதது எது என்று காட்டுமா?

2015இல் இல்லினாய் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு ஒன்று, பேஸ்புக் பயன்படுத்தும் 40 பேரை அழைத்து, அவர்களுக்குக் காட்டப்பட்டதையும் காட்டப்படாததையும் அருகருகே வைத்துக் காட்டிற்று. இப்படியொரு தேர்வு நடக்கிறது என்பதே அவர்களில் 62.5 விழுக்காட்டினருக்கு, அதாவது 25 பேருக்குத் தெரியாது! நெருங்கிய நண்பரின் செய்தி வரவில்லையே, அவர் நம்மை ஒதுக்கிவிட்டார் போலும் என்று எண்ணியிருந்தவர்களும் அவர்களுள் உண்டு. இயந்திரம் செய்த தேர்வுக்கு நண்பர் மீது பழி! எண்ணிப் பாருங்கள், இந்த அறியாமை அரசியலில் என்னென்ன விளைவிக்கும்!

அப்படியானால் ஆராய வழியே இல்லையா? உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்டியன் சாண்ட்விக் முதலிய நால்வர் 2014இல் எழுதிய கட்டுரையில் ஐந்து வழிகளை வகுத்துக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட முன்னுதாரணம் சுவையானது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் சேபர் என்ற கணிப்பொறி அமைப்பைப் பயணச்சீட்டு முகவர்களுக்கு அளித்திருந்தது. திரையில் அந்நிறுவனத்தின் விமானங்களே மேலே நின்றன. மற்றவை கீழே தள்ளப்பட்டன. முகவர்களோ பெரும்பாலும் முதல் திரையில் உள்ளதையே எடுத்தார்கள். முறையீடு எழுந்தது, 1984இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து வாரியம் அத்தகைய ஓரவஞ்சனையைத் தடுக்க விதி வகுத்தது. வரிசையை ஆள்பவர் வாணிபத்தை ஆள்வார் என்பதை அன்றே உணர்ந்தார்கள். வாணிபத்துக்கு உண்மையானது, கருத்துக்குப் பொய்யாகிவிடுமா?

அந்த ஐந்து வழிகளையும், ஒவ்வொன்றின் வலிமையையும் குறையையும் கூறுகிறேன்.

முதல் வழி, கட்டளைத் தொகுதியையே வாங்கிப் படிப்பது. நேர்வழி போலத் தோன்றும். 2023 மார்ச்சு மாதத்தில் ட்விட்டர் தன் தொகுதியின் ஒரு பகுதியை வெளியிட்டது. ஆனால் உண்ணும் தரவு தெரியாமல் தொகுதியை மட்டும் பார்ப்பது, நெல்லைப் பார்க்காமல் அரவை இயந்திரத்தை மட்டும் பார்ப்பது போன்றது. எப்படி அரைக்கும் என்பது தெரியும். என்ன மாவு வந்தது என்பது தெரியாது.

இரண்டாவது வழி, மக்களைக் கேட்பது. "நேற்று என்ன செய்தி பார்த்தீர்கள்?" என்று வினவிக் குறித்துக்கொள்வது. செலவு குறைவு. ஆனால் நினைவு நம்மை ஏமாற்றும். கோபமூட்டியது நினைவில் நிற்கும். சாதாரணமாக வந்து போனது மறந்துவிடும். நமது தோழருக்கு நேர்ந்ததும் அதுவாக இருக்கலாம்.

மூன்றாவது வழி, ஒரு நிரலை ஏவி, தேடல் முடிவுகளையும் பக்கங்களையும் மணிதோறும் திரட்டிச் சேர்ப்பது. ஏராளமாகச் சேரும். ஆனால் அது இயந்திரத்துக்கு இயந்திரம் காட்டிய பக்கம். மனிதருக்குக் காட்டியதும் அதுவே என்று சொல்லிவிட முடியாது.

நான்காவது வழி, பொம்மைக் கணக்கு. இல்லாத ஓர் ஆளை உருவாக்கி, அந்தக் கணக்குக்கு என்ன வருகிறது என்று பார்ப்பது. இதற்கான எடுத்துக்காட்டு நம் நாட்டைப் பற்றியதே. 2019 பிப்ரவரியில், பேஸ்புக் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவரே, இந்தியாவில் வாழும் இளம்பெண் ஒருத்தியின் பெயரால் ஒரு சோதனைக் கணக்கைத் திறந்தார். அவர் வைத்துக்கொண்ட விதி எளியது: நிறுவனத்தின் தேர்வு நெறி எதைப் பரிந்துரைக்கிறதோ அதையே ஏற்பது. புல்வாமாத் தாக்குதல் நடந்த மாதம் அது. மூன்றே வாரங்களில் அந்தக் கணக்கு வெறுப்புரையாலும் பொய்ச் செய்தியாலும் பிணங்களின் படங்களாலும் நிரம்பிற்று. தம் வாழ்நாள் முழுவதிலும் கண்டதைவிட மிகுதியான பிணப் படங்களை அந்த மூன்று வாரங்களில் கண்டதாக அந்த ஆய்வாளர் குறித்து வைத்தார். நாட்டு மக்கள் இதை எப்போது அறிந்தார்கள்? 2021 அக்டோபரில்! உள்ளே இருந்த ஆவணங்கள் வெளியே வந்த பிறகு!

கொதிப்பு வருகிறது அல்லவா? வரட்டும். ஆனால் அந்தக் கொதிப்போடு ஒன்றையும் சேர்த்து எண்ணுங்கள். அது ஒரே ஒரு கணக்கு. பரிந்துரைத்ததையெல்லாம் ஏற்கும் மனிதர் உலகில் இல்லை. ஆகவே, இப்படியும் நடக்கக் கூடும் என்பதற்கு அது சான்று. அனைவருக்கும் இப்படித்தான் நடக்கிறது என்பதற்குச் சான்று அன்று. இந்த வேறுபாட்டை மறந்தால், நாம் ஆய்வாளராக இருக்க மாட்டோம், கூச்சலிடுவோராக ஆகிவிடுவோம்.

ஐந்தாவது வழி, தொண்டர்கள் கூடிச் சேர்க்கும் வழி. உண்மையான மக்கள், தாமே இசைந்து, தம் திரையில் வருவதை ஆய்வுக்கு அளிப்பது. 2017இல் ஜெர்மனிப் பொதுத்தேர்தலின்போது அல்காரிதம்வாட்ச் என்ற அமைப்பும் ஆய்வாளர்களும் இதைச் செய்தார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் கணிப்பொறியில் ஒரு சிறு நிரலைப் பொருத்திக்கொண்டார்கள். குறித்த நேரங்களில் அது கட்சிகள், தலைவர்களின் பெயர்களைக் கூகுளில் தேடி, வந்த முடிவைப் பதிவு செய்தது. ஆளுக்கொரு முடிவு காட்டி மக்களைப் பிரிக்கிறார்கள் என்ற அச்சம் அன்று பெரிதாக இருந்தது. ஆய்வு என்ன கூறியது தெரியுமா? அந்தப் பெயர்களைத் தேடியவர்களுக்குள் காணப்பட்ட வேறுபாடு மிகச் சிறிது என்று கூறியது!

ஐயம் கொண்டவர்கள் ஏமாந்தார்களா? இல்லை, தோழர்களே! அவர்கள்தாம் வென்றார்கள். எங்கே கோளாறு இல்லை என்று தெரிந்தால்தான், எங்கே இருக்கிறது என்று தேட முடியும். தமக்கு எதிரான முடிவையும் வெளியிட்டவர், நாளை ஆதரவான முடிவை வெளியிடும்போது உலகம் நம்பும்.

மொசில்லா அமைப்பு 2021இல் வெளியிட்ட ஆய்வும் இவ்வழியில் வந்ததே. 91 நாடுகளைச் சேர்ந்த தொண்டர்கள் யூடியூப்பில் தாங்கள் பார்த்து வருந்திய காட்சிகளைத் தெரிவித்தார்கள். அவற்றில் 71 விழுக்காடு, அவர்கள் தேடிச் சென்றவை அல்ல. தேர்வு நெறி கொண்டுவந்து தள்ளியவை. ஆங்கிலம் முதன்மொழியாக இல்லாத நாடுகளில் இந்த வருத்தத்தின் வீதம் 60 விழுக்காடு அதிகம். தாமே முன்வந்தவர்கள் அளித்த கணக்கு என்பதால், நாட்டு மக்கள் அனைவரின் கணக்காக அதைக் கொள்ளலாகாது. எனினும் தமிழ் பேசும் நாம் அந்த 60 என்ற எண்ணைத் தாண்டிச் சென்றுவிட முடியுமா? நம் மொழியில் வருவதை நாமே அளக்காவிட்டால் வேறு யார் அளப்பார்?

இந்த ஐந்துக்கும் அப்பால் ஆறாவதாக ஒன்று இருக்கிறது. நிறுவனம் தன் வீட்டுக்குள்ளேயே நடத்தும் சோதனை. ட்விட்டர் 2016இல் தேர்வு நெறிக்கு மாறியபோது, குலுக்கல் முறையில் எடுத்த நூற்றுக்கு ஒருவரைப் பழையபடி காலவரிசையிலேயே விட்டு வைத்தது. பின்னாளில் இரு சாராரையும் ஒப்பிட்டார்கள். ஏழு நாடுகளில் ஆறில், வலதுசாரிப் பெருங்கட்சிகளின் பதிவுகளைத் தேர்வு நெறி அதிகமாகப் பரப்பிற்று என்று ட்விட்டரின் ஆய்வாளர்களே எழுதினார்கள். ஏன் அப்படி என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. இருந்தாலும், எத்துணைத் தெளிவான ஒப்பீடு! வெளியில் இருப்பவர் எவராலும் அதைச் செய்திருக்க இயலாது.

2020ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலின்போது பேஸ்புக், பல்கலைக்கழகப் பேராசிரியர்களோடு சேர்ந்து இன்னும் பெரிய சோதனையை நடத்திற்று. இசைவு தந்த 20,000க்கும் மேற்பட்டோரில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் காலவரிசையில் பதிவுகள் காட்டப்பட்டன. அவர்கள் பேஸ்புக்கில் செலவிட்ட நேரம் குறைந்தது. கண்ட செய்திகளும் மாறின. ஆனால் அரசியல் எண்ணத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை என்று 2023இல் அறிவித்தார்கள். உடனே, "பார்த்தீர்களா, எங்கள் மீது குற்றமில்லை" என்ற குரல் எழுந்தது.

முடிந்ததா வழக்கு? இல்லை. 2024இல் வேறு ஆய்வாளர்கள் ஒன்றைச் சுட்டிக் காட்டினார்கள். அந்தத் தேர்தல் காலத்தில் நிறுவனம் பொய்ச் செய்தியைக் கட்டுப்படுத்த நெருக்கடிகால மாற்றங்களைத் தேர்வு நெறியில் செய்திருந்தது. ஆகவே சோதிக்கப்பட்டது அன்றாடத் தராசா, ஆய்வுக் காலத்தில் திருத்தி வைத்த தராசா என்ற கேள்வி பிறந்தது. அந்த ஆய்வை அருகிருந்து கவனிக்க நியமிக்கப்பட்ட பேராசிரியர் மைக்கேல் வாக்னர், பேராசிரியர்களின் நேர்மையைப் பாராட்டினார். ஆயினும், அனுமதி பெற்றுக் கிடைக்கும் சுதந்திரம் உண்மையான சுதந்திரம் ஆகாது என்ற கருத்தையே முடிவாக எழுதினார். எடைக்கல் நினைவுக்கு வருகிறதா, தோழர்களே?

அனுமதி தருபவர் அதைத் திரும்பப் பெறவும் செய்வார். பெற்றார்கள்! 2021 ஆகஸ்டில், அரசியல் விளம்பரங்களைத் தொண்டர்கள் வாயிலாகத் திரட்டிய நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கணக்குகளைப் பேஸ்புக் முடக்கிற்று. பயனாளரின் தனியுரிமையைக் காக்கவே அப்படிச் செய்ததாகக் காரணம் கூறிற்று. 2023இல் ட்விட்டர், ஆய்வாளர்கள் கட்டணமின்றித் தரவு பெற்றுவந்த வழியை அடைத்தது. எந்தப் பதிவு எவ்வளவு பரவுகிறது என்று காண உதவிய கிரவுட்டேங்கிள் என்ற கருவியை, அதன் உரிமையாளரான மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் மூடிற்று.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு பாதை கண்டது. மாதம் 4.5 கோடிக்குக் குறையாத ஐரோப்பியப் பயனாளர்களைக் கொண்ட பெருந்தளங்கள், தகுதி சரிபார்க்கப்பட்ட ஆய்வாளர்களுக்குத் தரவு தர வேண்டும் என்று, 2022இல் இயற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவில் எழுதி வைத்தது. கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பது சலுகை. கேட்பவர் சட்டத்தைக் காட்டிப் பெறுவது உரிமை. அத்தகைய உரிமை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. நமது கோரிக்கை இங்கேதான் பிறக்க வேண்டும். "எங்கள் பதிவை மேலே காட்டு" என்று கேட்பது கட்சியின் தன்னலம். "உன் தராசைச் சோதிக்க விடு" என்று கேட்பது மக்கள் உரிமை.

சட்டம் வரும் நாள்வரை கை கட்டி இருப்பதா? வேண்டாம். நாமே செய்யத்தக்க வேலை இருக்கிறது. ஆனால் ஒழுங்கோடு செய்ய வேண்டும்.

ஒப்பீடு இல்லாமல் ஒரு முடிவும் கூறாதீர்கள். வெவ்வேறு ஊர், வயது, தொழில், கட்சி சார்ந்த பலர், ஒரே நேரத்தில், ஒரே சொல்லைத் தேடி, வந்த முதல் பத்து முடிவுகளை எழுதட்டும். அதோடு, எல்லா வகையிலும் ஒத்த இரண்டு கைபேசிகளையும் அருகருகே வைத்துத் தேடுங்கள். அவற்றிற்குள்ளேயே சிறு வேறுபாடு இருக்கும். அந்த இயல்பான வேறுபாட்டை விட மிகுந்தால்தான் மற்றவற்றின் வேறுபாட்டுக்குப் பொருள் உண்டு.

எதைச் சோதிக்கிறோம், எதை எண்ணுவோம், எந்த முடிவு வந்தால் நம் ஐயம் தவறு என்று ஒப்புவோம் என்பதைத் தொடங்குமுன்பே எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள். முடிவைக் கண்ட பின் விதியை மாற்றுவது ஆய்வு அன்று. ஆட்டத்தில் கோட்டை அழித்துப் போடுவது.

தமிழைத் தமிழாகவே தேடுங்கள். ஆங்கிலச் சொற்பட்டியலைப் பெயர்த்து வைத்தால் போதாது. நம் மக்கள் ஒரே பெயரை நாலு விதமாக எழுதுகிறார்கள். ரோமன் எழுத்திலும் தமிழைத் தட்டுகிறார்கள். அத்தனையும் கணக்கில் வர வேண்டும்.

தொண்டரின் தனிவாழ்வைக் காப்பாற்றுங்கள். இசைவின்றி எவர் திரையையும் பதிவு செய்யாதீர்கள். தனிக் கடிதங்களைத் தொடாதீர்கள். பொம்மைக் கணக்குகள் நிறுவனங்களின் விதிகளுக்கு மாறானவை; சட்டமறிந்தோர், பல்கலைக்கழகத்தார் துணையின்றி அந்த வழியில் இறங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, கசப்பானது. அதே எண்ணிக்கையை நமது ஏட்டின் மீதும் நடத்துங்கள். மாற்றார் வீழ்ந்தனர் என்று நாம் எத்தனை முறை எழுதினோம்? எத்தனை முறை வீழ்ந்தனர்? நியூயார்க் டைம்ஸ் ஏட்டின் 91ஐக் கண்டு நகைத்த நாம், நமது எண்ணைக் கண்டு நாணவும் அணியமாக இருக்க வேண்டும். தன் தராசைச் சோதிக்க ஒப்பாதவருக்குப் பிறர் தராசைச் சோதிக்கும் தகுதி ஏது?

என்னிடம் குறை கூறிய தோழர் இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். அவருக்குச் சொல்லுகிறேன்: உங்கள் கோபத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. நாளைக் காலையே ஒரு குறிப்பேட்டை எடுங்கள். நாம் ஓராண்டில் ஏற்றிய காட்சிகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் நாள், நேரம், நீளம், பார்த்தோர் தொகை. அதே நாட்களில் மாற்றார் ஏற்றியவற்றையும் எழுதுங்கள். நமது காட்சி இரண்டு மணி நேரம் ஓடி, ஒலியும் தெளிவாக இல்லாததால் மக்கள் விலகினார்கள் என்று தெரியவந்தால், திருத்திக்கொள்வோம். எல்லாம் ஒத்திருந்தும் நம்முடையது மட்டும் அமுங்கிற்று என்று தெரியவந்தால், அந்தக் குறிப்பேட்டைக் கையில் ஏந்தி மேடையேறுவோம். அப்போது நம் குரலைப் புலம்பல் என்று எவரும் தள்ள முடியாது. வழக்காக ஏற்று விடை கூறியே தீர வேண்டும்!